சோங்சிங்கில் கோபி நேரம்

கடிகாரத்தைத் திருப்பி வெச்சுக்குங்கன்னு ஏரோப்ளான்ல ஒருத்தி மைக்கில சொன்னா, எறங்குன எடத்துல ஒரு போர்டு சொல்லுச்சு, கூட்டிட்டுப் போக வந்த புள்ளையும் சொன்னா, நான் ஒருத்தர் சொன்னதையும் கேக்கலீங்க. துளசிமணி கேக்கமாட்டான்னு கோபிச்செட்டிபாளையம் கடைவீதி முழுக்கத் தெரியும், சோங்சிங் ஊருக்குத்தான் தெரியாது. சீனாவுல மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. ஓடட்டும். நான் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மோட்டார் விக்கிறவ, அந்த மோட்டார் செய்யற கம்பெனியத் திங்கக்கிழமை பாக்கறதுக்குன்னு கடல் தாண்டி வந்தவ, ராகு காலம் பாக்காம ஒரு போல்ட்டுக்கூட வாங்கினதில்லை. நம்மூர்ப் பஞ்சாங்கத்துக்கு நம்மூர் மணிதானே வேணும்? சீனாக்காரன் மணியக் கையில கட்டிக்கிட்டு ராகு எங்க நிக்கறான்னு நான் எங்க போய்த் தேடறது?

அதனால அந்தச் சனிக்கிழமை காலையில, லாட்ஜு ரூம விட்டு நான் கீழ எறங்கி வந்தப்ப, ஊருக்கு மணி பத்து, எனக்கு ஏழரை. காலைச் சாப்பாடு ஒம்பதரைக்கே முடிஞ்சு மேசையெல்லாம் தொடைச்சாச்சு. நான் போய் நின்னேன். நான் நின்ன எடத்துல இருந்து நாலெட்டுத் தூரத்துக்கு மேசையில துணி விரிச்சிருந்துச்சு, மூங்கில் தட்டுல கொழுக்கட்டை ஆவி பறந்துச்சு, நாலெட்டுக்கு அக்கட்டால நாற்காலியக் கவுத்துப்போட்டு ஒரு பொம்பளை தரையத் தொடைச்சுட்டிருந்தா. அவ என்னப் பாத்தா, என் கைக்கடிகாரத்தப் பாத்தா, தொடைக்கிற கட்டையச் செவுத்துல சாச்சுட்டு ஒரு தட்டெடுத்து என் கையில கொடுத்தா. வேலை செய்யற பொம்பளைக்கு வாயப் பொளந்து நிக்க ஏதுங்க நேரம்? சனிக்கிழமையாச்சேன்னு கறி வெக்காததாப் பாத்து நாலு தின்னேன்.

கூட்டிட்டுப் போக வந்த புள்ளைக்குச் சீனத்துப் பேரு ஸூ யுன், காலேஜில தமிழ் படிக்கறப்ப வாத்தியார் வெச்ச பேரு அல்லி. தமிழ்னாத் தமிழு, அப்பிடியொரு தமிழு, நம்ம பள்ளிக்கூடத்துப் புத்தகம் எந்திரிச்சு நடந்து வந்தாப்பல. "அம்மையாரே, தங்கள் கடிகாரத்தைச் சற்றே சரிசெய்தால் நலம்" அப்படின்னா. சரி, புள்ளை ஆசைக்குன்னு முள்ளத் திருப்பினேன். கொழுக்கட்டை, துணி, ஆவி எல்லாம் போய் ஈரத் தரைதான் மிஞ்சுச்சு. மறுக்காத் திருப்பினேன், எல்லாம் வந்துருச்சு. "அப்படியாயின் இருக்கட்டும்"னு அவளும் ஒரு கொழுக்கட்டைய எடுத்துக் கடிச்சுக்கிட்டா.

அந்த ஊர்ல தரை எதுன்னு கண்டுபுடிக்கறதே பெரும்பாடுங்க. வாசல்னு நெனைச்சு வந்தா அது கட்டடத்தோட பதினோராவது மாடியாம், வெளிய பஸ் ஓடுது, எட்டிக் கீழ பாத்தா அங்கயும் ஒரு தெரு, அதுக்குங் கீழ இன்னொரு தெரு, அதுக்குங் கீழ ஆறு. ஒரு ரயிலு வந்து அடுக்குமாடி வீட்டு வயித்துக்குள்ள பூந்து அந்தப்பக்கம் வருது, மேல்மாடியில ஒருத்தி எனக்கென்னன்னு பாவாடை காயப்போட்டுட்டு நிக்கறா. கொக்கு நிக்கறாப்பல ஒத்தைக் கால்ல நிக்கற ஊரு. நான் முட்டிவலிக்காரி, படி படியா எறங்கி ஒரு சந்துக்கு வந்து சேந்தப்ப ஊருக்குப் பத்தேமுக்கால், எனக்கு எட்டேகால்.

அந்தச் சந்துலதான் ஆரம்பிச்சுது. காலையில சாக்கடையில தோடு விழுந்துபோச்சுன்னு ஒருத்தி அழுதுட்டிருந்தவ, நான் தாண்டிப் போறப்ப, தோடு இன்னும் கல்லு மேலயே கெடக்கறதப் பாத்துச் சடக்குன்னு எடுத்துக் காதுல மாட்டிக்கிட்டா. நான் நகந்துட்டேன், தோடு காதுல நின்னுச்சு. அப்பத்தான் சந்துக்கு வெவரம் புரிஞ்சுது: இந்த அம்மாவச் சுத்தி நாலெட்டுக்குக் காலைநேரம், அவ போயிட்டா எல்லாம் பழையபடி, ஆனா நாலெட்டுக்குள்ள ஒரு மனுசக் கை பட்டு மாத்துனது மாத்துனபடி நிக்கும். அப்புறம் விடுவாங்களா? சதுரங்கத்துல தோத்த கிழவர் என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி பலகைப் பக்கத்துல நிக்க வெச்சு, தப்பா நகத்துன குதிரையத் திருப்பி வெச்சாரு. தையக்காரர் ஒருத்தர் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாரு, அங்க அவரு சம்சாரம் பையோட செருப்பு மாட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டிருக்குது. எட்டரைக்கு வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டாராம், அத மாத்தி என்னமோ சொன்னாரு, அது பைய எறக்கி வெச்சுச்சு. என்ன சொன்னாருன்னு அல்லி எனக்குச் சொல்ல மாட்டேன்னுட்டா, கன்னமெல்லாம் செவந்து போச்சு. தெருக்கூட்டறவர்தான் பாவம், கூட்டுன குப்பையெல்லாம் நான் போற பக்கமெல்லாம் மறுக்கா வந்து கெடக்குதேன்னு வெளக்குமாத்தோட என் பொறகாலயே திட்டிக்கிட்டு வந்தாரு.

கையில செவப்புப் பட்டி கட்டுன தெருக் கமிட்டியம்மா ஒண்ணு வந்துச்சு. எந்த ஊராயிருந்தா என்ன, இப்படி ஒருத்தி இருப்பா. சுண்ணாம்புக் கட்டியில என்னச் சுத்தி வட்டம் போட்டு, ஒரு தடவைக்கு நாலு பேர்தான்னு சொல்லி, எல்லாரையும் வரிசையில நிக்க வெச்சுப்போட்டா. எனக்கு ஒம்பது அடிச்சுது. சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலம். இனி அசைய மாட்டேன்னு ஒரு கடை வாசல்ல மரநாற்காலி போட்டு உக்காந்துட்டேன். அல்லி அதச் சந்துக்காரங்களுக்குச் சீனத்துல எடுத்துச் சொன்னா. கமிட்டியம்மா அதையும் ஒரு அட்டையில எழுதி என் நாற்காலிக்கு மேல மாட்டி விட்டா. என்ன எழுதிருக்குன்னு கேட்டேன். "இந்த அம்மையாருக்குப் பத்தரை வரை ஓய்வு"ன்னா அல்லி.

அப்பத்தான் மேல படியில இருந்து டாங்குன்னு ஒருத்தி ஓடிவந்தா. அதே சந்துக்காரி, என் வயசிருக்கும், தலை கலைஞ்சு, ஒரு கால்ல செருப்பில்லை. வரிசையில இருந்தவங்க வழி விட்டாங்க. அவ வீட்டுக்காரர் பெங், மூங்கில் கழியில ரெண்டு பக்கமும் சாமானக் கட்டித் தோள்ல சுமக்கற ஆளு, அந்த மேட்டு ஊர்ல அது ஒரு பொழப்பு. ஆத்துக்கு அக்கட்டால, மீன் மார்க்கெட்டுக்குக் கீழ இருக்கற படிக்கட்டுல, காலையில பத்து மணி அஞ்சு நிமிசத்துக்கு வழுக்கி விழுந்துட்டாராம், அங்கிருந்த கடைக் கேமராவுல மணி பதிஞ்சிருக்குதாம். ஆஸ்பத்திரியில வெள்ளைத்துணி போத்திட்டாங்களாம். அதச் சொல்லிட்டு அவ அழுகல, என் கைக்கடிகாரத்தையே பாத்தா.

"அம்மையாரே, எழுந்திருங்கள்"னா அல்லி. "இப்பொழுது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. தங்களுக்கு ஒன்பது இருபது. தங்கள் கடிகாரத்தில் பத்து ஐந்து ஆகும்போது நாம் அந்தப் படிக்கட்டில் நின்றால் அவரைப் பிடித்துக்கொள்ளலாம்."

"ராகு காலம் கண்ணு. பத்தரைக்குக் கெளம்பறேன்."

"பத்தரைக்கு அவர் இறந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும்."

"ராகு காலத்துல போனாப் போற காரியம் வெளங்காது. இது உனக்குத் தெரியாது."

"அப்படியாயின் எங்கள் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நேரப்படி இராகு எப்போதோ போய்விட்டான்."

"வெச்சா இந்த நாலெட்டும் போயிருமே. அப்புறம் நான் வந்து என்ன, வராம என்ன?"

நியாயந்தானே? அந்த மனுசனக் காப்பாத்தணும்னா கோபி நேரம் வேணும், கோபி நேரம் வேணும்னா ராகு காலத்துலதான் போகோணும். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, சொல்லிப்போடறேன். நாலு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு சனிக்கிழமை, ஒம்பதே காலுக்கு, எங்கூட்டுக்காரரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. காரு வாசல்ல நிக்குது. என்ற மக மிருதுளா இஞ்சினை ஓட விட்டுட்டு, அம்மா கெளம்பலாம், அம்மா கெளம்பலாம்னு கத்தறா. நான்தான் பத்தரை ஆகட்டும்னேன், ராகு காலத்துல ஆஸ்பத்திரிப் படி ஏறுனாத் திரும்பி வரமாட்டாங்கன்னேன், சுக்குக் கசாயம் வெச்சுக் கொடுத்தேன். பத்தரைக்குக் கைத்தாங்கலாக் கூட்டிப்போய் உக்கார வெச்சோம். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில இருக்கற கவுந்தப்பாடிகூடத் தாண்டல, தலை என் தோள்ல சாஞ்சிருச்சு. மக ஒரு வார்த்தை என்ன ஏசலை. காரியம் முடிஞ்சு பெங்களூர்ல வேலைன்னு போனவதான், மாசத்துக்கு ஒருக்கா நல்லாருக்கியாம்பா, நல்லாருக்கேன்பேன், போன வெச்சிருவா. ஊரு பூரா விதின்னு சொல்லுச்சு, நானும் அதையே சொன்னேன். அன்னில இருந்து ராகு காலத்த இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். விட்டா அது பொய்யின்னு ஆயிரும், பொய்யின்னா அந்த மனுசன வாசல்ல உக்கார வெச்சுக் கொன்னது நானுன்னு ஆயிரும். அதத் தாங்க என்னால ஆகாதுங்க.

இதையெல்லாம் நான் அல்லிகிட்டச் சொன்னேனா சொல்லலியா, ஞாபகமில்லை. சொல்லிருப்பேன் போல. ஏன்னா அவ சீனத்துல என்னமோ சொல்ல, சந்து முழுக்க என்னத் திரும்பிப் பாத்துச்சு. ஒம்பதரை ஆயிருச்சு. டாங் தரையில மண்டி போட்டு உக்காந்துட்டா. அப்பக் கமிட்டியம்மா தன்னோட செவப்புப் பட்டிய மேல இழுத்து விட்டுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டா, அல்லி அதத் தமிழ்ல சொன்னா.

"இந்த அம்மையார் கிளம்பக்கூடாது, சரி. நாற்காலி கிளம்பலாமா?"

நான் யோசிச்சேன். பஞ்சாங்கத்துல நாற்காலியப் பத்தி ஒண்ணும் போட்டிருக்கறதா எனக்குத் தெரியலை. "நாற்காலி அது பாட்டுக்குப் போனா நான் என்ன பண்ண முடியும்?"னேன்.

அவ்வளவுதான். பெங்கோட கூட்டாளிங்க, கழி தூக்கறவங்க நாலு பேரு, ரெண்டு மூங்கிலை நாற்காலிக்கு அடியில விட்டுக் கயித்தக் கட்டி, கெரகத்தே, சாமி பொறப்பாடாட்ட என்னத் தோளுக்குத் தூக்கிட்டாங்க. கண்ண மூடி நாற்காலியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன், நான் கெளம்பலை, நான் கெளம்பலைன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே போறேன், அவங்க படி ஏறறாங்க, படி எறங்கறாங்க, சந்துலருந்து சந்து, ஒரு கட்டடத்து மொட்டைமாடியில இருந்து அடுத்த தெருவு, டாங் செருப்பில்லாத காலோட பக்கத்துலயே ஓடியாறா, அல்லி மூச்சு வாங்க மணி சொல்லிட்டே வாரா. எங்களுக்கு முன்னால சேதி போன்ல ஓடிருச்சு போல. ஆத்துக்கு மேல கம்பியில போற தொங்கு வண்டிக்குச் சனிக்கிழமைக் கூட்டம் தேர்க்கூட்டமா நின்னவங்க, எங்களப் பாத்ததும் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டாங்க. ஒருத்தரும் முணுமுணுக்கலை. நாற்காலியோட என்ன வண்டிக்குள்ள வெச்சாங்க. ஆறு முழுக்க உச்சி வெய்யல், எங்களச் சுத்தி நாலெட்டுக்கு மட்டும் காலைப் பனி மூடிட்டு வந்துச்சு.

மணி ஒம்பது அம்பத்தேழுக்கு மீன் மார்க்கெட்டு இரும்புக் கதவு முன்னால என்ன எறக்குனாங்க. அந்தக் கதவத் தாண்டித்தான் படிக்கட்டு. சுத்திப் போனா இருவது நிமிசமாம். ஊருக்கு மத்தியானம், கதவு தெறந்து கெடக்க வேண்டியது. ஆனா நான் கிட்டப் போனதும் அது பூட்டிக்கிருச்சு, பத்து மணிக்குத்தான் தெறப்பாங்களாம். எட்டி நிக்கற கம்பியெல்லாம் ஒருக்களிச்சுத் தெறந்திருக்குது, என் பக்கத்துல இருக்கற பூட்டு மட்டும் கல்லாட்டத் தொங்குது. நாலெட்டுக்கு அக்கட்டால காவக்காரரு மத்தியானச் சோறு தின்னுட்டிருந்தாரு, நாலெட்டுக்குள்ள அதே காவக்காரரு சாவிக்கொத்தோட டீ குடிச்சுட்டிருந்தாரு. ஒருத்தர ஒருத்தரு பாத்துத் தலையாட்டிக்கிட்டாங்க.

"தெறங்க! வெசையாத் தெறங்க! ஒரு உசுரு போகுதுங்க!" நான்தான் கத்துனேன்.

அவரு டீய ஒரு மடக்கு குடிச்சாரு. கடிகாரத்தப் பாத்தாரு. மெதுவா என்னமோ சொன்னாரு.

"பத்து என்றால் பத்துதான் என்கிறார். நேரம் ஆகாமல் திறந்தால் நல்லதல்லவாம்"னா அல்லி.

டாங் அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, அவ கை விரலெல்லாம் வெளுத்துப் போயிருக்குது, என்ற மகளும் இப்படித்தானே ஸ்டீரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா, எனக்கு மூணு நிமிசமே உசுரு போகுதே, அவளுக்கு ஒண்ணேகால் மணி நேரமுங்க, ஒண்ணேகால் மணி நேரம் அப்பன் மூச்சுத் தெணர்றதக் கேட்டுட்டு உக்காந்திருந்தா. நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? கசாயத்துக்குக் கருப்பட்டி தட்டிட்டிருந்தேன்.

பத்து அடிச்சுது. காவக்காரரு பெரிய கதவத் தெறக்கலை, ஓரத்துல இருக்கற சின்னக் கதவத் தெறந்தாரு, ஒரு ஆளு ஒடுங்கித்தான் போகலாம். நாற்காலி போகாது. தூக்கிட்டு வந்த நாலு பேரும் வேர்வையத் தொடைச்சுக்கிட்டு என்னப் பாத்தாங்க. டாங்கும் பாத்தா.

எந்திரிச்சேன். எந்தக் கால மொதல்ல வெச்சேன்னு தெரியாதுங்க, வலதோ எடதோ, சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்குனேன். முட்டி கத்துச்சு. கத்தட்டும். படி முழுக்க மீன் கழுவுன தண்ணி. என் நாலெட்டோட ஓரத்துல, கீழயிருந்து ஒரு ஆளு கழியோட ஏறி வாரான், முதுகுல துணி தொவைக்கிற மெசினு ஒண்ணு, மூஞ்சி குனிஞ்சிருக்குது. இன்னும் நாலு படி இருக்குது, டாங் எனக்கு முன்னால ஓடறா, ஆனா நாலெட்டத் தாண்டி ஓடுனா அவளுக்கு அங்க வெறும் படிதான் கெடைக்கும், அதனால ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு என்னத் திரும்பிப் பாக்கறா. அல்லி "பத்து நான்கு"ங்கறா. நான் ரெண்டு படியாத் தாவுனேன், அம்பது வயசுல, விழுந்து பொரண்டு போனாலும் அந்தப் பக்கமே விழட்டும்னு தாவுனேன். அவன் கால் வழுக்குச்சு. டாங் அவன் சட்டைய, கையை, கழிய, எது கெடைச்சுதோ அதப் புடிச்சு இழுத்துப் படியில மல்லாக்கச் சாச்சா. மெசினு மட்டும் கயிறு அந்து தடதடன்னு ஆத்துப் பக்கம் போய்ச் செதறுச்சு.

பெங் எந்திரிச்சு உக்காந்தான். மொத வார்த்தையா என்ன சொன்னான் தெரியுங்களா? "சாமானை விட்டுட்டியே, மூளை இருக்குதா?"ன்னு பொண்டாட்டியத் திட்டுனானாம், அல்லி சொன்னா. அவ பளார்னு ஒண்ணு விட்டுட்டு அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரியில இருந்து அவளுக்குப் போன் வந்துச்சு, கட்டில்ல போர்வை மட்டும் கெடக்குது, ஆளைக் காணோம், கையெழுத்துப் போட யாராச்சும் வாங்கன்னு. மேலயிருந்து கழிக்காரங்க நாலு பேரும் கையத் தட்டுனாங்க.

நான் அந்த ஈரப் படியிலயே உக்காந்துட்டேன். பத்து மணி அஞ்சு நிமிசம், சனிக்கிழமை, நடு ராகு காலம், ஒரு உசுரு பொழைச்சிருச்சு. ராகு ஒண்ணும் பண்ணலை. ஒண்ணுமே பண்ணலைங்க. அப்படின்னா அன்னிக்கும் ஒண்ணும் பண்ணிருக்க மாட்டானே? ஒம்பதே காலுக்கே கெளம்பியிருந்தா ஒம்பதேமுக்காலுக்கெல்லாம் கவுந்தப்பாடி தாண்டிருப்போமே? சாவு வீட்டுல கூட அழுகாதவ, மார்ல அடிச்சுட்டு அழுதேன். அல்லி பயந்துட்டா. "அம்மையாரே, வென்றுவிட்டோமே, ஏன் அழுகிறீர்கள்?"ன்னா.

போன எடுத்து மகளக் கூப்புட்டேன். மொத மணியிலயே எடுத்துட்டா.

"அம்மா? என்னாச்சு? இப்ப ராகு காலமாச்சே, நீ போன் பண்ண மாட்டியே?"

"மிருது, அன்னிக்கு நீ கெளம்பலாம் கெளம்பலாம்னு சொன்னே."

இப்பக் கேக்கப் போறா, கேக்கட்டும், நாலு வருசத்துக் கோவத்தையும் கொட்டட்டும்னு காத்துட்டிருந்தேன்.

"சாவி என் கையிலதானம்மா இருந்துச்சு"ன்னா. "இஞ்சின் ஓடிட்டிருந்துச்சு. உன்னக் கேக்காம அப்பாவத் தூக்கிப் போட்டுட்டுக் கெளம்பியிருக்கலாம். நான்தான் கெளம்பாம உக்காந்திருந்தேன். அதனாலதாம்மா உங்கிட்டப் பேச முடியலை, எனக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியலை."

பாவி மக. நாலு வருசமா என்மேலன்னு நெனைச்சுட்டிருந்தேனே, அத்தனையும் தன் தலையில தூக்கி வெச்சுட்டுத் திரிஞ்சிருக்கறா.

"நீ இல்ல சாமி. நிறுத்தி வெச்சது நானு. நான்தான்"னேன்.

அந்தப்பக்கம் அவ தேம்பறது கேட்டுச்சு. அப்புறம், "இன்னொருக்கா சொல்லும்மா"ன்னா.

சொன்னேன்.